டங்கென்று கேட்டால் கண்ணாடி

பொரி உருண்டைக்கு வெல்லப் பாகு காய்ச்சும்போது அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொள்வார். கரண்டியிலிருந்து ஒரு சொட்டுப் பாகை அதில் விட்டுப் பார்ப்பார். முதலில் விடும் சொட்டு கரைந்து போகும். இன்னும் கொஞ்சம் கொதித்த பிறகு விட்டால் கரையாது, விரலால் திரட்டினால் மெத்தென்று உருளும். அதிரசத்துக்கு அந்தப் பதம் போதும். பொரி உருண்டைக்குப் போதாது. திரட்டிய உருண்டையை எவர்சில்வர் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வர வேண்டும். வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுப் பொரியைக் கொட்ட வேண்டும். கொஞ்சம் அசந்தால் பாகு கசந்துவிடும்.

அம்மா செய்தது ஒரு அளவீடு என்பது வேதியியல் படிக்கப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆய்வுக்கூடத்தில் விலை உயர்ந்த கருவியை வைத்து அளக்கும் ஒன்றை அவர் கிண்ணத்தையும் தட்டையும் வைத்து அளந்துகொண்டிருந்தார். கண்ணாடி நிலை மாற்றம் என்று அதற்குப் பெயர். மெத்தென்று உருண்ட பாகிலும் சரி, 'டங்' என்று ஒலித்த பாகிலும் சரி, இருப்பது அதே சர்க்கரை மூலக்கூறுகள்தான். முதலாவதில் அவற்றால் நகர முடிந்தது. இரண்டாவதில் முடியவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். இந்தச் சின்ன வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு போனால் பிளாஸ்டிக் பாட்டில், தடுப்பூசிக் குப்பி, எச்.ஐ.வி. மாத்திரை என்று தொடங்கி, கடைசியில் நரம்புகள் செயலிழக்கும் நோய் ஒன்றுவரை போய்ச் சேரலாம்.

ரங்கநாதன் தெருவில் நிற்பது

கண்ணாடி என்றதும் ஜன்னல்தான் ஞாபகம் வரும். ஆனால் வேதியியலில் கண்ணாடி என்பது ஒரு பொருளின் பெயர் அல்ல, நிலையின் பெயர். மணலை உருக்கி ஆற வைத்துக் கண்ணாடி செய்யலாம். சர்க்கரையிலும் பிளாஸ்டிக்கிலும் செய்யலாம். போதுமான வேகத்தில் குளிர்வித்தால் தண்ணீரைக்கூட, சுமார் மைனஸ் 137 டிகிரியில், கண்ணாடியாக்க முடியும்.

தண்ணீர் பனிக்கட்டியாக உறையும்போது அதன் மூலக்கூறுகள் வரிசை கட்டி நிற்கின்றன. குடியரசு தின அணிவகுப்பு மாதிரி, யாருக்குப் பக்கத்தில் யார் என்பது முடிவானது. இதைப் படிகம் என்கிறோம். படிகத்துக்கு உருகுநிலை ஒன்று உண்டு. அந்த வெப்பநிலை வந்ததும் அணி கலைந்துவிடும்.

கண்ணாடியின் கதை வேறு. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவுக்குள் மாட்டியிருக்கிறீர்களா? அங்கே வரிசையும் கிடையாது, அணியும் கிடையாது. ஆனாலும் யாரும் நகர முடியாது. முன்னால் இருப்பவர் நகர்ந்தால்தான் நீங்கள் நகரலாம், அவரோ அவருக்கு முன்னால் இருப்பவருக்காகக் காத்திருக்கிறார். மேலிருந்து படம் எடுத்தால் நடந்துகொண்டிருக்கும் கூட்டத்துக்கும் சிக்கிக்கொண்ட கூட்டத்துக்கும் வித்தியாசமே தெரியாது. கண்ணாடியும் அப்படித்தான். திரவத்தை ஆற வைக்க ஆற வைக்க அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று நெருக்கி, மெதுவாகி, ஒரு கட்டத்தில் அப்படியே நின்றுவிடுகின்றன. அவை நிற்கும் விதத்தைப் பார்த்தால் அது திரவம், தொட்டால் திடம்.

எந்தக் கட்டத்தில் 'நின்றுவிட்டது' என்று சொல்வது? இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆய்வாளர்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் கணக்கின்படி, மூலக்கூறுகள் தங்களை மாற்றி அமைத்துக்கொள்ள ஏறத்தாழ 100 விநாடி ஆகும் வெப்பநிலையே கண்ணாடி வெப்பநிலை. ஏன் 100 விநாடி? ஆய்வுக்கூடத்தில் மனிதர்கள் பொறுமையாகக் காத்திருக்கக்கூடிய நேரம் ஏறக்குறைய அவ்வளவுதான். உருகுநிலை பொருளைப் பொறுத்தது. கண்ணாடி வெப்பநிலையோ பொருளோடு சேர்த்து நம் அவசரத்தையும் பொறுத்தது. ஒரே பாகை மெதுவாக ஆற்றினால் அது கொஞ்சம் குறைந்த வெப்பநிலையில் கண்ணாடியாகும், சட்டென்று ஆற்றினால் கொஞ்சம் மேலேயே ஆகிவிடும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் என்ற பேராசிரியர் 1927இல் ஒரு புனலில் தார் போன்ற கறுப்புக் கீலை ஊற்றி வைத்தார். சுத்தியலால் அடித்தால் அந்தக் கீல் சில்லுச் சில்லாக உடையும். ஆனால் புனலிலிருந்து அது சொட்டுகிறது. சுமார் பத்து வருடத்துக்கு ஒரு சொட்டு! ஒன்பதாவது சொட்டு 2014இல் பிரிந்தது. சுத்தியலின் அவசரத்துக்கு அது திடம், பார்னெலின் பொறுமைக்குத் திரவம்.

இதைச் சொன்னதும் யாராவது ஒருவர் ஐரோப்பிய தேவாலய ஜன்னல் கதையை எடுப்பார். நூற்றாண்டுகளாகக் கண்ணாடி மெல்ல வழிந்ததால்தான் அந்த ஜன்னல்கள் அடியில் தடித்திருக்கின்றன என்ற கதை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தப்பு. அறை வெப்பத்தில் அந்தக் கண்ணாடி கண்ணுக்குத் தெரியும் அளவு வழிய பிரபஞ்சத்தின் வயதே போதாது என்று பிரேசில் ஆய்வாளர் எட்கர் சனோட்டோ 1998இல் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் காலத்தில் கண்ணாடித் தகடு செய்த முறையில் தடிமன் ஒரே சீராக வராது, அதுதான் காரணம்.

நீளமான மூலக்கூறுகள்

பாலிமர் என்பது சின்ன மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்த சங்கிலி. பாடப்புத்தகத்தில் பலபடி என்று படித்திருப்பீர்கள். ஒரு தட்டு இடியாப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இழைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும். இந்த இழைகளுக்கு வரிசை கட்டி நிற்பது கஷ்டம், அதனால் பாலிமர்கள் சுலபமாகக் கண்ணாடியாகிவிடும். முழுவதும் படிகமாகும் பாலிமர் என்று ஒன்று அநேகமாக இல்லை.

ஒவ்வொரு பாலிமருக்கும் கண்ணாடி வெப்பநிலை வேறு. தெர்மாகோலும் உடையும் தன்மையுள்ள தெளிவான பிளாஸ்டிக் டம்ளரும் பாலிஸ்டைரீன், அதற்குச் சுமார் 100 டிகிரி. இயற்கை ரப்பருக்கு மைனஸ் 70 டிகிரியை ஒட்டி. நம் ஊர் வெயிலிலும் குளிரிலும் ரப்பர் தன் கண்ணாடி வெப்பநிலைக்கு மிக மேலேயே இருக்கிறது, அதனால் இழுபடுகிறது. டம்ளர் கீழே இருக்கிறது, அதனால் உடைகிறது. ரப்பர் பேண்டைத் திரவ நைட்ரஜனில் முக்கி எடுத்து மேசையில் தட்டினால் அதுவும் நொறுங்கும். ரப்பர், பிளாஸ்டிக் என்று இரண்டு ஜாதியாக நாம் பிரித்து வைத்திருப்பது பெரும்பாலும் அறை வெப்பநிலை இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையில் இருப்பதால் வந்த பழக்கம்.

குடிநீர் பாட்டிலில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிப் பார்த்திருந்தால் இந்த மாற்றத்தை நேரிலேயே பார்த்திருப்பீர்கள். பாட்டில் சுருண்டு கோணிக்கொள்ளும். ஆனால் அது உருகுவதில்லை. பெட் என்ற அந்தப் பிளாஸ்டிக்கின் உருகுநிலை 250 டிகிரியை ஒட்டி இருக்கிறது, கண்ணாடி வெப்பநிலைதான் 70 டிகிரியை ஒட்டி. தொழிற்சாலையில் பாட்டிலை ஊதிப் பெரிதாக்கும்போது சங்கிலிகளை இழுத்து, இழுத்த வாக்கிலேயே ஆற வைத்துவிடுகிறார்கள். வெந்நீர் பட்டதும் சங்கிலிகளுக்கு விடுதலை கிடைக்கிறது, பழையபடி சுருண்டுகொள்கின்றன.

இந்த எல்லை ஒரு கோடு அல்ல. அதைத் தாண்டினால்தான் ஆபத்து என்பதும் இல்லை. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73 விநாடியில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். ராக்கெட்டின் இணைப்புகளை அடைத்திருந்த ரப்பர் வளையங்கள் அன்று காலைக் குளிரில் சரியாக வேலை செய்யவில்லை. இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் அந்த ரப்பரின் ஒரு துண்டைக் கிடுக்கியில் நெருக்கி, பனிக்கட்டித் தண்ணீரில் போட்டு, விசாரணைக் குழுவின் முன்னால் எடுத்துக் காட்டினார். கிடுக்கியை விட்ட பிறகும் சில விநாடிகளுக்கு ரப்பர் பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. அந்த ரப்பர் கண்ணாடியாகிவிடவில்லை, அதன் கண்ணாடி வெப்பநிலை அதற்கும் கீழே. ஆனால் அந்த எல்லையை நெருங்க நெருங்க ரப்பர் சோம்பேறியாகிறது. இணைப்பு நொடியின் ஒரு பகுதிக்குள் விரிய, ரப்பரும் கூடவே விரிந்து இடைவெளியை அடைத்திருக்க வேண்டும். ரப்பர் கேட்ட நேரம் இணைப்பிடம் இல்லை.

நமுத்துப் போதல்

வெப்பத்தைத் தொடாமலே கண்ணாடி நிலையை மாற்ற முடியும். ஐப்பசி மழையில் முறுக்கு டப்பாவைத் திறந்து வைத்தால் போதும். நமுத்துப் போகும். இவ்வளவு துல்லியமான ஒரு சொல்லை நாம் தினமும் சாதாரணமாகப் புழங்குகிறோம். மொறுமொறுப்பான முறுக்கில் ஸ்டார்ச் சங்கிலிகள் கண்ணாடி நிலையில் சிக்கிக் கிடக்கின்றன. காற்றிலிருந்து தண்ணீர் மூலக்கூறுகள் நடுவில் புகுந்துகொள்கின்றன. சின்னவை, துறுதுறுப்பானவை. அவை சங்கிலிகளைத் தள்ளி நிறுத்தி நகர இடம் உண்டாக்குகின்றன. முறுக்கின் கண்ணாடி வெப்பநிலை மளமளவென்று இறங்கி அறை வெப்பநிலைக்குக் கீழே போய்விடுகிறது. அறை அதே அறைதான், எல்லைதான் இறங்கிவிட்டது.

அம்மாவின் பாகில் நடப்பது இதற்கு நேர் எதிர். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வெளியேறுகிறது, கண்ணாடி வெப்பநிலை ஏறுகிறது. கிண்ணத் தண்ணீரின் வெப்பநிலையை அது தாண்டும்போது 'டங்'. முழுக்க உலர்ந்த சர்க்கரைக்கு 60 முதல் 70 டிகிரி வரை போகும். குளுக்கோஸுக்கு 31 டிகிரிதான், பழச்சர்க்கரைக்கு ஐந்தை ஒட்டி. வெல்லத்தில் இவை இரண்டும் கொஞ்சம் கலந்திருப்பதால் வெல்ல மிட்டாய் சீக்கிரமே பிசுபிசுக்கும்.

இப்படி நடுவில் புகுந்து இளக்கும் சின்ன மூலக்கூறுகளைப் பிளாஸ்டிசைசர் என்கிறார்கள். தமிழில் நெகிழ்வூட்டி எனலாம். தொழிலில் முதன்முதலாகப் பெரிய அளவில் பயன்பட்ட நெகிழ்வூட்டி எது தெரியுமா? கற்பூரம். பருத்தியை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்திக் கிடைக்கும் நைட்ரோசெல்லுலோஸில் கற்பூரத்தைக் கலந்து 1870 வாக்கில் அமெரிக்காவின் ஹயட் சகோதரர்கள் செல்லுலாய்டு செய்தார்கள். பழைய சினிமாச் சுருள்கள் அதில் ஓடியவை.

இன்றைக்கு மருத்துவமனையில் நெகிழ்வூட்டி இல்லாமல் ஒரு நாள் ஓடாது. தண்ணீர்க் குழாய் செய்யும் பி.வி.சி.யும் ரத்தப் பையும் ஒரே பாலிமர். வெறும் பி.வி.சி.யின் கண்ணாடி வெப்பநிலை சுமார் 80 டிகிரி, அதனால் குழாய் விறைப்பாக இருக்கிறது. பையைத் துணி மாதிரி மடக்குவதற்கு டி.இ.எச்.பி. என்ற தாலேட் எண்ணெயை எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கலக்கிறார்கள். இந்த எண்ணெய் பாலிமரோடு வேதிப்பிணைப்பில் இல்லை, சும்மா நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே மெல்ல மெல்ல ரத்தத்தில் கசிகிறது. விலங்குகளில் ஆண் இனப்பெருக்க உறுப்புகளின் வளர்ச்சியை அது பாதிப்பதாகத் தெரிந்ததால் ஐரோப்பாவில் அதற்குக் கட்டுப்பாடுகள் வந்தன. அப்படியானால் உடனே நிறுத்தலாமே என்றால் அதிலும் ஒரு சிக்கல்: கசிந்த அந்த எண்ணெய் சிவப்பணுக்களின் சவ்வில் ஒட்டிக்கொண்டு, அவை பையில் சிதையாமல் நீடிக்க உதவுகிறது. ரத்த வங்கிகள் பல வருடங்களாக மாற்றுத் தேடிக்கொண்டிருப்பது இந்த இரண்டையும் ஒன்றாகச் சமாளிக்கத்தான்.

குப்பிக்குள் மிட்டாய்

சிக்கிக்கொள்வது எப்போதும் கெட்டது அல்ல. மூலக்கூறு நகராவிட்டால் அது கெட்டுப்போகவும் முடியாது. கெடுவதற்கும் நகர்ந்து வேறொன்றோடு மோதியாக வேண்டுமே.

நன்றாகக் காய்ந்த விதை நெல்லின் உள்ளே செல் திரவம் கண்ணாடி நிலையில் இருக்கிறது. அதனால்தான் அது மாதக்கணக்கில் முளைக்கும் திறனோடு தூங்குகிறது. ஈரம் ஏறினால் கண்ணாடி இளகி, உள்ளே வேதிவினைகள் தொடங்கி, விதை முளைக்காமலே கிழடாகிவிடும். விதையைக் கடித்துப் பார்த்து 'நறுக்'கென்று உடைகிறதா என்று சோதிக்கும் விவசாயி அம்மாவின் 'டங்'கைத்தான் வேறு வழியில் கேட்கிறார்.

தடுப்பூசிக்கும் இதே வழிதான். பெரியம்மைக்கான பழைய திரவ ஊசி மருந்து வெப்பநாடுகளில் சில நாட்களில் வீரியம் இழந்துவிடும். 1950களில் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் லெஸ்லி காலியர் அதை உறைய வைத்து உலர்த்தும் முறையைச் செம்மைப்படுத்தினார். இப்படி உலர்ந்த மருந்து 37 டிகிரியில் ஒரு மாதம் வைத்தாலும் வீரியம் குறையாமல் இருக்க வேண்டும் என்பதை உலக சுகாதார நிறுவனம் நிபந்தனையாகவே வைத்தது. ஃப்ரிட்ஜ் எட்டாத ஊர்களுக்கு மருந்து நடந்தே போய்ச் சேர முடிந்தது. 1980 மே மாதம் பெரியம்மை ஒழிந்ததாக அறிவித்தார்கள்.

செய்முறை கிட்டத்தட்ட பாகு காய்ச்சுவதுதான், அடுப்புக்குப் பதில் குளிர். மருந்தோடு சர்க்கரை போன்ற ஒன்றைக் கலந்து உறைய வைப்பார்கள். தண்ணீர் பனிக்கட்டியாகப் பிரியப் பிரிய, மிச்சம் இருக்கும் சர்க்கரைக் கரைசல் கெட்டிப்பட்டு, சாதாரணச் சர்க்கரையானால் மைனஸ் 32 டிகிரி வாக்கில், கண்ணாடியாகும். அப்புறம் காற்றை உறிஞ்சி எடுத்தால் பனிக்கட்டி உருகாமலே ஆவியாகப் போய்விடும். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டு வெப்பத்தைக் கூட்டினால் கண்ணாடி இளகி, குப்பிக்குள் பஞ்சு மாதிரி நிற்க வேண்டிய வில்லை சப்பென்று உட்கார்ந்துவிடும். அந்தத் தொகுதி முழுக்க வீண். மருந்து உற்பத்தியில் இருப்பவர்கள் இதை 'கொலாப்ஸ்' என்பார்கள். பதம் தப்பிய பாகுதான் அது. தண்ணீர் வெளியேற வெளியேற கண்ணாடி வெப்பநிலை மேலே ஏறும், அதன் பின்னாலேயே வெப்பத்தையும் மெல்ல ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

சென்னை கிண்டியில் 1948 முதல் இயங்கும் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் தயாரிப்பதும் இப்படி உலர்த்திய மருந்துதான். பிறந்த குழந்தைக்குப் போடும் அந்த ஊசி பொடியாக வந்து சலைனில் கரைக்கப்படுகிறது. பல பி.சி.ஜி. தயாரிப்புகளில் பாதுகாப்புக்குச் சேர்ப்பது சோடியம் குளுட்டமேட், அதாவது அஜினோமோட்டோ. உறவினர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. ஒருமுறை சலைனில் கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். கண்ணாடி கரைந்ததும் கடிகாரம் மறுபடி ஓடத் தொடங்கிவிடுகிறது.

மாத்திரையில் நடந்த கதை இன்னும் சுவாரசியம். எச்.ஐ.வி.க்கான ரிட்டோனவிர் என்ற மருந்தை அமெரிக்காவின் அபாட் நிறுவனம் 1996இல் காப்ஸ்யூலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1998இல் திடீரென்று உற்பத்தித் தொகுதிகள் கரைதிறன் சோதனையில் தோற்கத் தொடங்கின. காரணம், அதுவரை யாரும் பார்த்திராத இரண்டாவது படிக வடிவம் ஒன்று தலையெடுத்திருந்தது. மூலக்கூறு அதேதான், அடுக்கிய விதம்தான் வேறு. புதிய அடுக்கு கூடுதல் உறுதியானது, அதனாலேயே கரைவது கடினம். கரையாத மருந்து வயிற்றில் இருந்தும் இல்லாத மாதிரிதான். அந்தக் காப்ஸ்யூல் சந்தையிலிருந்து போனது, நோயாளிகள் திரவ மருந்துக்கு மாற வேண்டியிருந்தது.

பின்னால் வந்த தீர்வுகளில் ஒன்று பாலிமர் கண்ணாடி. படிகமாக அடுக்குவதற்கு மூலக்கூறுக்கு இடமே கொடுக்காமல், கோபோவிடோன் என்ற பாலிமரோடு சேர்த்து உருக்கி, பிதுக்கி, ஆற வைத்துவிடுவது. மருந்து மூலக்கூறுகள் தனித்தனியாக, கண்ணாடிக்குள் பூச்சி மாதிரி மாட்டிக்கொள்ளும். பாலிமரின் கண்ணாடி வெப்பநிலை மருந்தினுடையதைவிட மிக அதிகம் என்பதால் கலவை அறை வெப்பத்தில் அசையாது. வயிற்றில் தண்ணீர் பட்டதும் பாலிமர் இளகும், மருந்து வெளியே வரும். லோபினவிர் என்ற இன்னொரு எச்.ஐ.வி. மருந்தோடு சேர்ந்த இந்த மாத்திரை 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதன் முந்தைய காப்ஸ்யூலுக்கு ஃப்ரிட்ஜ் தேவைப்பட்டது, மாத்திரைக்குத் தேவையில்லை. மின்சாரம் நிலையில்லாத ஆப்பிரிக்கக் கிராமத்தில் இந்த ஒரு வரி எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

உடம்புக்குள் இறுகுவது

இதுவரை நாமாக இறுக்கிய கதைகள். உடம்பு தானாக எங்காவது இறுகினால்?

முதலில் ஒரு பழைய உதாரணம். இது கண்ணாடி நிலை அல்ல, ஆனால் மூலக்கூறிலிருந்து நோய்க்கு எப்படிப் போவது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாதை இல்லை. 1949இல் வேதியியலாளர் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் அரிவாள் செல் ரத்தசோகையை 'மூலக்கூறு நோய்' என்றார்கள். ஒரு நோய்க்கு அப்படியொரு பெயர் கிடைத்தது அதுவே முதல்முறை. ஹீமோகுளோபின் சங்கிலியில் குளுட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய ஓரிடத்தில் வாலின் என்ற வேறொரு அமினோ அமிலம் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பின்னர் வெர்னன் இங்க்ராம் கண்டுபிடித்தார். ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் அந்த ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி இழையாக நீள்கிறது. ஹீமோகுளோபினே பாலிமர் ஆகிறது என்று சொல்லலாம். சிவப்பணு விறைத்து அரிவாள் போல வளைந்து நுண்குழாயை அடைக்கிறது. இந்தியாவில் இந்தக் குறைபாடு இருப்பதை 1952இல் முதலில் பதிவு செய்தது நீலகிரிப் பழங்குடிகளிடம்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, இழை உடனே உருவாவதில்லை என்பது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது, பிறகு மளமளவென்று வளரும். அந்தக் காத்திருப்பு முடிவதற்குள் சிவப்பணு நுண்குழாயைக் கடந்து நுரையீரல் பக்கம் போய்விட்டால் ஆக்சிஜன் ஏறி எல்லாம் சரியாகிவிடும். சேலஞ்சரில் ரப்பர் வளையத்துக்கும் இணைப்புக்கும் இருந்த ஓட்டப்பந்தயம் இங்கே இழைக்கும் ரத்த ஓட்டத்துக்கும். ஹீமோகுளோபின் செறிவு சற்றே கூடினாலும் காத்திருப்பு நேரம் பல மடங்கு குறைந்துவிடுவதை வில்லியம் ஈட்டனும் ஜேம்ஸ் ஹோஃப்ரிக்டரும் 1970களில் அளந்தார்கள். இந்த நோயாளிகளிடம் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வது இதனால்தான். உடம்பில் நீர் வற்றினால் சிவப்பணுவிலும் வற்றுகிறது, உள்ளே பாகு முற்றுகிறது. ஹைட்ராக்சியூரியா மாத்திரை வேறு வழியில் நேரம் வாங்கிக் கொடுக்கிறது: இழையில் சேராத கருக்கால ஹீமோகுளோபினை அது கூட்டுகிறது.

கண்ணாடி நிஜமாகவே நோயோடு சேர்த்துப் பேசப்படுவது நரம்பு நோய்களில். 2009இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் கிளிஃபர்ட் பிராங்வின், அந்தோணி ஹைமன் குழுவினர் ஒரு சின்னப் புழுவின் கருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்லுக்குள் இருந்த சில புரத மணிகள் திடப் பொருள் அல்ல, துளிகள் என்று தெரிந்தது. ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய்ப் பொட்டுகள் போல ஒன்றோடொன்று சேர்ந்தன, வழிந்தன. சவ்வு எதுவும் இல்லாமல், வேண்டிய இடத்தில் வேண்டிய மூலக்கூறுகளைக் கூட்டி வைக்க செல் இந்தத் துளிகளைப் பயன்படுத்துகிறது. வேலை முடிந்ததும் கலைத்துவிடுகிறது.

எஃப்.யு.எஸ். என்ற புரதம் இப்படித் துளியாகக் கூடும். ஏ.எல்.எஸ். என்ற நோயின் சில வகைகளில், தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் சாகும் அந்த நோயில், இந்தப் புரதத்தில் மரபுப் பிழை காணப்படுகிறது. ஸ்டீபன் ஹாக்கிங்கைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்ததும் ஏ.எல்.எஸ்.தான். 2015இல் ஹைமனும் சைமன் ஆல்பெர்ட்டியும் சேர்ந்த குழு, தூய எஃப்.யு.எஸ். துளிகளைச் சோதனைக் குழாயில் வைத்துப் பார்த்தது. முதலில் திரவம். மணிக்கணக்கில் விட்டுவைத்தால் இறுகி, முள்முள்ளாக நார் விட்டது. நோயாளிகளிடம் காணப்படும் பிழையுள்ள புரதம் இன்னும் சீக்கிரம் இறுகியது.

2020இல் லூயிஸ் ஜாவெர்த் முதலானவர்கள் வேறு ஒன்றைக் கவனித்தார்கள். இப்படி வயதாகும் துளிகள் சிலவற்றில் நாரும் இல்லை, படிகமும் இல்லை. உள்ளமைப்பில் பெரிய மாற்றம் எதுவும் கண்ணில் படவில்லை. ஆனால் நாளாக நாளாக அவை மெதுவாகிக்கொண்டே போயின. மேலிருந்து எடுத்த படத்தில் மாற்றம் இல்லை, நகர்வதுதான் குறைகிறது. ரங்கநாதன் தெரு! மூப்படையும் கண்ணாடியின் நடத்தை இது, பாலிமர்காரர்கள் பல பத்தாண்டுகளாக அளந்து வைத்திருப்பது. பிளாஸ்டிக்குக்காக எழுதிய சமன்பாடுகளை உயிரியலாளர்கள் கடன் வாங்கத் தொடங்கியது இப்படித்தான்.

துளி இறுகுவது நோயின் காரணமா, நோயோடு கூட வரும் அடையாளமா என்பதில் விவாதம் ஓயவில்லை. சோதனைக் குழாயில் ஒரே புரதம் தனியாக இருக்கிறது. செல்லுக்குள் ஆயிரக்கணக்கான புரதங்களும் ஆர்.என்.ஏ.வும் கூடவே நெருக்கிக்கொண்டிருக்கின்றன. இறுகிய துளியைப் பிரித்து விடுவதற்கென்றே செல்லில் வேலையாள் புரதங்கள் உண்டு. ஒரு சோதனைக் குழாய்ப் படத்தைக் காட்டி 'நோய்க்கு விடை கிடைத்தது' என்று எழுதும் செய்திகளை நான் கொஞ்சம் தள்ளி வைத்தே படிக்கிறேன்.

செல் எப்படி இறுகாமல் தப்பிக்கிறது என்பதற்குக் கிடைத்த துப்புகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். 2014இல் கிறிஸ்டின் ஜேக்கப்ஸ்-வாக்னர் குழு பாக்டீரியாவின் செல் திரவத்தை ஆராய்ந்தது. அது கண்ணாடி நிலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, பாக்டீரியா சாப்பிட்டு வேலை செய்துகொண்டிருக்கும்வரை அந்தக் குலுக்கலில் இளகி இருக்கிறது, பட்டினி போட்டால் இறுகுகிறது. மூன்று வருடம் கழித்து டிரெஸ்டன் குழு இன்னொன்றைச் சொன்னது. செல்லின் எரிபொருள் என்று பள்ளியில் படித்த ஏ.டி.பி., நொதிகளுக்கு எரிபொருளாகத் தேவைப்படும் அளவைவிடப் பல மடங்கு அதிகமாகச் செல்லில் இருக்கிறது. ஏன் இவ்வளவு என்று யாரும் பெரிதாகக் கேட்டதில்லை. அந்தச் செறிவில் ஏ.டி.பி.யை எஃப்.யு.எஸ். துளிகளோடு சேர்த்தார்கள். எரிக்காமலே, வெறுமனே பக்கத்தில் இருந்தே, அது துளிகளைக் கரைத்துவிட்டது.